பின்னால் உட்கார்ந்தவர் சொன்னது

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஒன்பது இருக்கும். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில், சுங்கை சிலாங்கூர் அணைக்கட்டு நன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். பின்னால் என் மனைவி. படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்தேன்.

வண்டி ஏறக்குறைய நின்றுவிட்டது. இடது காலைத் தரையில் ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் சரளைக்கல். அதோடு சாலையின் ஓரம் இடது பக்கம் சரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கால் வழுக்கியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்றுதான் கடைசி நொடி வரை நினைத்தேன். வண்டி 280 கிலோ. எங்கள் இருவரையும் சேர்த்தால் 400-க்கு மேல். ஐம்பத்தொன்பது வயதுக் கால் ஒன்று அதைத் தாங்குமா?

நான் எப்படியோ நழுவி எழுந்துவிட்டேன். மனைவியின் கணுக்கால் வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டது. தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு முறை முக்கினேன். இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. அந்த நேரத்தில் கப்சாயில் வந்த இரண்டு மலாய்ப் பையன்கள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்திவிட்டார்கள். "பாக்சிக் ஓக்கே?" என்று ஒருவன் கேட்டான். ஓக்கே என்றேன். ஓக்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எலும்பு முறியவில்லை; வீக்கம்தான். மூன்று வாரம் மனைவி நொண்டி நொண்டி நடந்தார். "மணிக்கு நூறுல விழாம நின்ன இடத்துல விழுந்தோமே, அதுவரைக்கும் சந்தோஷப்படுங்க" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தஞ்சோங் காராங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவின் ஹொண்டா சி70 கப்சாயில்தான் ஓட்டக் கற்றேன். பிறகு கிள்ளானுக்கு வந்து, துறைமுகத்தில் பளுதூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். மூன்று ஷிப்டு வேலை. பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிற வரைக்கும் கப்சாய்தான். நாற்பத்தொன்றாவது வயதில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, பல வருட ஆசையைத் தீர்த்துக்கொண்டேன். 1100 சிசி குரூசர். இரண்டாம் கை வண்டிதான் என்றாலும் குரோமியம் பளபளக்கும். தாழ்வான இருக்கை, அகலமான கைப்பிடி, முன்னால் நீட்டி வைத்த கால்கள். அதில் உட்கார்ந்தால் சோபாவில் சாய்ந்துகொண்டு போவது மாதிரி இருக்கும்.

பதினெட்டு வருடம் அந்த வண்டி எனக்கு நிறையக் கொடுத்தது. மறுக்க மாட்டேன். எட்டுப் பத்து நண்பர்கள் கிடைத்தார்கள். ஈப்போ, பினாங்கு, கேமரன் மலை, ஹாட்யாய் வரை இரண்டு முறை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும்போது, லோரிக்காரர்கள்கூட கையசைப்பார்கள். துறைமுகத்தில் எண்ணெய் படிந்த சட்டையோடு நிற்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்ரோல் நிலையத்தில் அந்த வண்டியை நிறுத்தினால் நாலு பேர் பார்ப்பார்கள். எனக்கு அது தேவையாக இருந்தது.

விழுந்த பிறகு வண்டிக்கு உறை போட்டேன். "மழைக்காலம் போகட்டும்" என்றேன். பிறகு "தீபாவளி போகட்டும்" என்றேன். வாட்ஸ்அப் குழுவில் பயண அழைப்பு வரும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொன்னேன். எட்டு மாதம் ஓடியது. பேட்டரி செத்துவிட்டது. மகள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஓட்டுறதா இருந்தா ஓட்டுங்க. இல்லன்னா வித்துடுங்க. ரெண்டும் இல்லாம இப்படி மூடி வச்சிருந்தா பார்க்கவே கஷ்டமா இருக்கு" என்றாள். அவள் போன பிறகு கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

இடுப்பு வலிக்காக மருத்துவரைப் பார்க்கப் போனேன். படங்களைப் பார்த்துவிட்டு அவர், "மோட்டார் சைக்கிள் ஓட்டுவீர்களா? எப்படி உட்கார்ந்து ஓட்டுவீர்கள்? இந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டுங்கள்" என்றார். கால்களை முன்னால் நீட்டி, கைகளை விரித்துக் காட்டினேன். "அப்படியே எழுந்திருங்கள் பார்ப்போம்" என்றார். எழ முடியவில்லை. "இப்போது பாதங்களை உங்கள் இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுங்கள்." சுலபமாக எழுந்துவிட்டேன்.

அவர் விளக்கியது இதுதான். கால் முன்னால் இருந்தால் உடல் பாரம் முழுவதும் வால் எலும்பில் இறங்குகிறது. சாலையில் பள்ளம் வந்தால் இருக்கையிலிருந்து லேசாக எழும்ப முடியாது. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகிறது. பாதம் உடலுக்குக் கீழே இருந்தால் முழங்காலும் தொடையும் அந்த அடியில் பாதியை வாங்கிக்கொள்ளும். "ஓட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. உட்காரும் விதத்தை மாற்றுங்கள்" என்றார்.

பதினெட்டு வருடம் சோபா என்று நான் நினைத்தது, என் இடுப்பின் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ரெட்ரோ வண்டிகள் பக்கம் பார்வை போனது. ரெட்ரோ என்றால் பழைய வண்டி அல்ல. 1950, 60-களின் தோற்றத்தில் இன்று செய்கிற புது வண்டி. வட்டமான முகப்பு விளக்கு, கண்ணீர்த்துளி வடிவ எண்ணெய்த் தொட்டி, நிமிர்ந்து உட்காரும் இருக்கை. உள்ளே எரிபொருள் செலுத்தும் மின்னணுச் சாதனம், ஏபிஎஸ் பிரேக் எல்லாம் உண்டு. டிரையம்ஃப் நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்திய பொனவில் என்ற பெயரை இன்றும் வைத்திருக்கிறது. கவாசாகி, ஹொண்டா போன்ற ஜப்பானிய நிறுவனங்களும் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்கின்றன.

நான் போய்ப் பார்த்தது ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. அதன் கதை நம்மவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த நிறுவனம். இந்திய ராணுவத்துக்கு புல்லட் வண்டிகள் தேவைப்பட்டதால், 1955-இல் மெட்ராசில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. பிறகு இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. சென்னையில் நிற்கவில்லை. தாய்வீடு மூடிய பிறகும் மகள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் தோட்டத்துக் கிராணியிடம் ஒரு பிஎஸ்ஏ பேன்டம் இருந்தது. காலையில் பிரட்டுக்கு அவர் வரும் சத்தம் முதலில் கேட்கும். பிறகு பனியில் அந்த ஒற்றை வட்ட விளக்கு தெரியும். அப்பா நிமிர்ந்து நிற்பார். கடையில் கிளாசிக்கின் விளக்கைப் பார்த்ததும் அந்தப் பனிதான் ஞாபகம் வந்தது. அப்பாவின் கப்சாய்க்கும் வட்ட விளக்குதான். ஆனால் ஆசை, கிராணியின் வண்டிமேல்தானே இருக்கும்!

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. 1100-இலிருந்து 350-க்கு இறங்குவதா? குழுவில் என்ன சொல்வார்கள்? இருபது குதிரைத்திறன் வண்டியில் இரண்டு பேர் போக முடியுமா? விற்பனையாளர் பையன் சாவியை நீட்டினான். "ஓட்டிப் பாருங்க அங்கிள். 349 சிசி, பி2 லைசன்ஸ் பத்தாது. உங்ககிட்ட பி இருக்குல்ல?" இருந்தது. பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான்.

முதல் ஐந்து நிமிடம் சங்கடமாக இருந்தது. கால்கள் தாமாக முன்னால் போய்க் காற்றில் மிதியைத் தேடின. பிறகு ஒரு ரவுண்டபோட் வந்தது. குரூசரில் ரவுண்டபோட் என்றால் நான் முன்கூட்டியே தோளை இறுக்கிக்கொள்வேன். காரணம் இருக்கிறது. அந்த வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 1,640 மில்லிமீட்டருக்கும் மேல். முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும். நேர் சாலையில் அது ரயில் மாதிரி போகும். மெதுவாக வளையும்போதுதான் முன்சக்கரம் ஒரு பக்கமாக விழப் பார்க்கும். கிளாசிக்கில் அந்தத் தூரம் 1,390. எடை 195 கிலோ. வண்டி ரவுண்டபோட்டில் சைக்கிள் மாதிரி திரும்பியது. தோள் இறுகவே இல்லை. வேண்டுமென்றே இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

ஒரு குறை தெரிந்தது. இருக்கை 805 மில்லிமீட்டர் உயரம். குரூசரில் 700 சொச்சம். என் உயரத்துக்கு இதில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படவில்லை. அதையே நொண்டிச் சாக்காக வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மனைவியிடம், "உயரம் சரியில்லை, வேண்டாம்" என்றேன்.

"நானும் வந்து உட்கார்ந்து பார்க்கணும்" என்றார் அவர்.

எனக்கு ஆச்சரியம். விழுந்த நாளிலிருந்து அவர் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. இனி ஏற மாட்டார் என்று நானே முடிவு செய்திருந்தேன். மறு வாரம் போனோம். பஞ்சாபி உடையில் வந்தவர், பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார். புகைக்குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார். என்னை முன்னால் உட்காரச் சொன்னார். "இப்ப ஏதாவது பேசுங்க" என்றார்.

"என்ன பேசுறது?"

"கேக்குது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பசியாற நிறுத்தினோம். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெரிய வண்டியில் பின் இருக்கை ஒரு தட்டு அளவுதான். பின்னால் சரிந்தும் இருக்கும். ஒவ்வொரு முறை நான் வேகம் கூட்டும்போதும் விழுந்துவிடுவோமோ என்று பயம். கால் வைக்கும் கம்பி உயரத்தில் இருப்பதால் முழங்கால் மடங்கியே கிடக்கும். வலது கெண்டைக்காலில் புகைக்குழாய் சுட்ட தழும்பு இருக்கிறது. சமையலில் சுட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் சத்தத்துக்காக மாற்றிய குழாயால், வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இரைச்சல் கேட்குமாம். ஒவ்வொரு வளைவிலும் முருகனைக் கூப்பிட்டாராம்.

எனக்கு ரொட்டி இறங்கவில்லை. "பதினெட்டு வருஷம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "நீங்க ஷிப்டு போவீங்க. வந்தா தூங்குவீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது உங்கூட இருக்கலாம்னுதான் ஏறினேன். வண்டிக்காக இல்ல."

நான் எங்கள் பயணப் படங்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். எல்லாம் வண்டியை விட்டு இறங்கிய பிறகு எடுத்த படங்கள்.

அன்றே முன்பணம் கட்டினோம். என் கால் எட்டாத பிரச்சினைக்குச் சுலபமான வழி இருந்தது. இரண்டு காலையும் முழுதாக ஊன்ற வேண்டியதில்லை. வண்டி இலேசாக இருந்தால் ஒரு பாதம் உறுதியாக இருந்தால் போதும். இப்போது நிறுத்துவதற்கு முன் தரையைப் பார்க்கிறேன். சரளை, மணல், சரிவு, எண்ணெய்க் கறை. கணுக்காலுக்குக் கொடுத்த விலையில் வாங்கிய பழக்கம்.

குரூசரை முப்பது வயதுப் பொறியாளர் ஒருவர் வாங்கிப் போனார். புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அவர் கிளப்பிக்கொண்டு போனபோது, சத்தம் முனையில் திரும்பி மறையும் வரை வாசலிலேயே நின்றேன். தொண்டை அடைத்தது. போகும் முன் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "பின்னாடி உட்காருறவங்ககிட்ட கேட்டுக்குங்க தம்பி." அவருக்கு அப்போது புரிந்திருக்காது.

இழந்தது எதுவும் இல்லை என்று எழுதினால் பொய். நெடுஞ்சாலையில் நண்பர்கள் 110-இல் அசையாமல் போவார்கள். என் வண்டிக்கு 90 சுகம். இரண்டு பேரோடு 80 இன்னும் சுகம். பின்னால் வருகிற லோரி கண்ணாடியில் பெரிதாகும்போது, அந்தப் பழைய பலத்துக்கு மனம் ஏங்கும். ஒரே நாளில் பினாங்கு போய் வருவதெல்லாம் இனி இல்லை. குழுவோடு ஒரு முறை போனேன். எனக்காக எல்லாரும் மெதுவாகப் போக வேண்டியதாயிற்று. அடுத்த முறை நானே ஒதுங்கிக்கொண்டேன். "என்ன அண்ணே, பால்காரர் வண்டிக்கு மாறிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். கொஞ்சம் வலித்தது.

இரண்டு மாதம் கழித்து, குழுவிலேயே மூத்தவர், அறுபத்து நான்கு வயது, தனியாக என் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த வண்டியில ஒரு தடவ உட்கார்ந்து பார்க்கலாமா?" என்றார். பெட்ரோல் நிலையத்தில் வண்டியைத் திருப்ப முடியாமல், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், முதல் பெரிய வண்டிக்குப் பணம் சேர்க்கிற இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

கடையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தள்ளிப் பாருங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு, கொஞ்சம் சரிவான இடத்தில் பின்னோக்கி நகர்த்துங்கள். அதற்கே மூச்சு வாங்கினால், சரளைக்கல்லில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காலியான இடத்தில் மெதுவாக வளைத்துத் திருப்பிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எந்த வண்டியும் நிமிர்ந்து நிற்கும். நடக்கிற வேகத்தில்தான் அதன் எடை தெரியும்.

விழுந்த வண்டியை நான் தூக்கிய விதமும் தவறு. வண்டியைப் பார்த்துக் குனிந்து தூக்கினால் இடுப்புதான் போகும். முதலில் இஞ்சினை அணைக்க வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் பின்புறத்தை வைத்துக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் வண்டியின் உறுதியான பாகத்தையும் பிடித்து, கால்களால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே பக்கத் தாங்கியை விரித்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் விழும். முடியவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். நம் நாட்டில் கப்சாய்ப் பையன்கள் நிற்காமல் போக மாட்டார்கள்.

பின்னால் வருகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். உட்காரச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலை அவசரமாக வாங்காதீர்கள். முதலில் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார். இன்னொரு முறை கேளுங்கள்.

இப்போது எங்களுக்கு ஞாயிறு என்றால் மோரிப். கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பந்திங் வழியாக, செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போவோம். என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேச்சு வந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணம், மகளின் வேலை மாற்றம், கத்தரிக்காய் விலை. பதினெட்டு வருடம் வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனவை.

போன வாரம் வழியில் ஓரிடத்தில் அவர் என் தோளைத் தட்டினார். ஏதோ பயந்துவிட்டார் என்று வேகத்தைக் குறைத்தேன்.

"என்னம்மா?"

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றார்.